எந்த வெள்ளிக்கிழமை?



"வாற வெள்ளி" என்று ஒருவர் சொன்னால் நீங்கள் எந்த நாளை நினைப்பீர்கள்? இதுவும் ஒரு கேள்வியா என்று எண்ண வேண்டாம். இந்தக் கேள்வியைக் கேட்கத் தவறியதால், ஓர் அக்காவை நான் காலை ஆறு மணி தொடக்கம் சந்தியில் காக்க வைத்தேன்.

அந்த அக்காவின் கணவர் 2009 ஆம் ஆண்டு காணாமல் போனவர். அது தொடர்பான விசாரணைக்கு வரும்படி அவருக்கு ஒரு கடிதம் வந்திருந்தது. ஒரு புதன்கிழமை பின்னேரம் எனக்குத் தொலைபேசி எடுத்தார்.

"பிள்ளை, வாற வெள்ளி வரச்சொல்லிக் கடிதம் வந்திருக்கு. நீங்களும் வந்தால் எனக்குத் தெம்பாயிருக்கும். பைலும் உங்களிட்டத்தானே கிடக்கு."

"ஓம் அக்கா, கட்டாயம் வாறன். காலமை ஆறு மணிக்குச் சந்தியில நில்லுங்கோ."

அப்போது நான் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன். மறந்துவிடக் கூடாது என்று உடனே கைத்தொலைபேசியில் பதிந்தேன். செய்ய வேண்டிய வேலைகளைப் பதிந்து வைத்தால் உரிய நாளில் நினைவூட்டும் செயலி ஒன்றை நாங்கள் பாவிக்கின்றோம். அதில் திகதியைத் தேடி அழுத்தத் தேவையில்லை. பேசுவது போல ஆங்கிலத்தில் எழுதினால் அதுவே திகதியாக மாற்றிக்கொள்ளும். நான் "நெக்ஸ்ட் பிரைடே" என்று எழுதினேன். அச்செயலியோ அதனை அடுத்த கிழமையின் வெள்ளி என்று எடுத்துக்கொண்டது. இரண்டு நாளில் வரவேண்டிய நினைவூட்டல் ஒன்பது நாளுக்குத் தள்ளிப் போயிற்று. அது குறித்த திகதியை நான் திரும்பிப் பார்க்கவில்லை.

வெள்ளி காலை நான் வேறோர் இடத்தில் பயிற்சியில் இருந்தேன். தொலைபேசியின் ஒலியை நிறுத்தியிருந்தேன். அக்கா ஏழரை மணி வரை பார்த்துவிட்டுத் தனியாகவே இரண்டு பஸ் மாறிப் போயிருக்கிறார். முறைப்பாட்டுப் பிரதிகள் எல்லாம் என்னிடமிருந்த கோப்பில் இருந்தன. அவை இல்லாமல் விசாரணை முடியவில்லை. வேறொரு திகதி கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அன்று மாலை அவர் வீட்டுக்கு ஓடினேன்.

"பரவாயில்லை பிள்ளை. காத்துக்கொண்டு நிக்கிறது எனக்குப் புதிசோ?" என்றார்.

அவர் ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அதன்பின், நாங்கள் நாட்களைப் பற்றிப் பேசும் விதத்தைக் கவனிக்கத் தொடங்கினேன். சமூகவியல் படித்த காலத்தில், நாட்காட்டி என்பது ஒரு சமூகத்தின் கூட்டு வாழ்க்கையின் ஒழுங்கை வெளிக்காட்டுவது என்று எமில் டூர்கைம் 1912 இல் எழுதியதைப் பரீட்சைக்காக மனப்பாடம் செய்தேன். அதன் பொருள் சந்தியில் நின்ற அக்காவினால்தான் விளங்கியது.

"எட்டாம் நாள்" என்று நாங்கள் சொல்லும்போது இன்றைய நாளையும் சேர்த்தே எண்ணுகிறோம். திங்கட்கிழமை சொன்னால் எட்டாம் நாள் அடுத்த திங்கள். செத்தவீட்டில் எட்டும், முப்பத்தொன்றும் அப்படித்தான் எண்ணப்படுகின்றன. கணனியோ எட்டைக் கூட்டிச் செவ்வாய்க்குப் போய்விடும். "அடுத்த கிழமை" என்று ஞாயிற்றுக்கிழமை சொன்னால் இன்னொரு குழப்பம். 1988 இல் வெளிவந்த ஐஎஸ்ஓ 8601 என்னும் சர்வதேச நியமப்படி வாரம் திங்களில் தொடங்குகிறது. அப்படிப் பார்த்தால் அடுத்த கிழமை என்பது விடிந்தால் வந்துவிடும். ஞாயிறில் தொடங்கும் கலண்டரைப் பார்ப்பவருக்கு இன்னும் ஏழு நாள் இருக்கிறது.

இரவில் சொல்லும் "நாளைக்கு" என்பதும் அப்படியே. எங்களுக்கு விடிந்தால்தான் மறுநாள். பஞ்சாங்கத்திலும் நாள் சூரிய உதயத்திலேயே தொடங்குகிறது. மணிக்கூட்டுக்கோ நள்ளிரவில் நாள் மாறிவிடுகிறது. "வியாழன் இரவு பன்னிரண்டரை பஸ்" என்று நாங்கள் சொல்வது அதன் கணக்கில் வெள்ளிக்கிழமை. இதனைக் கவனியாமல் கொழும்புப் பயணத்தைப் பதிந்தால் ஒரு நாள் பிசகிவிடும்.

தவணைப் பணம் கட்டும் சகோதரிகள் இதையும் அறிந்திருக்க வேண்டும். ஜனவரி 31 இல் "ஒரு மாதம் கழித்து" என்று பதிந்தால், பெப்ரவரியில் 31 ஆம் திகதி இல்லை. சில மென்பொருட்கள் பெப்ரவரி மாதக் கடைசி நாளை எடுக்கும். சில மார்ச் மாதத்துக்கே தாவிவிடும். தாமதக் கட்டணம் கட்டுவது நீங்கள்தான்.

"வருஷா வருஷம்" என்று பதிந்தால் அதே ஆங்கிலத் திகதியில்தான் நினைவூட்டல் வரும். ஆனால் திவசம் அதே தமிழ் மாதத்தில் அதே திதியில் வருவது. ஆங்கிலத் திகதி ஒவ்வோர் ஆண்டும் மாறும்.

இன்னும் சில சொற்களைத் திகதியாக்கவே கூடாது. "காலபோக வெட்டு முடியத் தாறன்" என்று ஒரு தாய் சொன்னால் அது ஒரு நிலைமை. மழை பிழைத்தால் வெட்டும் பிந்தும். அதனை ஒரு திகதியாகப் போட்டுவிட்டு, அந்த நாள் கடந்ததும் "வாக்குத் தவறியவர்" என்று அவரைச் சொல்வது நியாயமா?

அப்படியானால் இந்தச் செயலிகள் என்ன செய்ய வேண்டும்? எமது மனதை வாசிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. தான் விளங்கிக்கொண்ட நாளைக் கிழமையோடும் திகதியோடும் முழுமையாக, பெரிதாகக் காட்ட வேண்டும். ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் இருந்தால் தானாக முடிவெடுக்காமல் "இந்த வெள்ளியா, மற்ற வெள்ளியா?" என்று கேட்க வேண்டும். நாங்கள் சொன்ன சொல்லையும் அழிக்காமல் பக்கத்தில் வைத்திருக்க வேண்டும். திகதியில்லாத பேச்சைத் திகதியில்லாமலே வைத்துக்கொண்டு, "வெட்டு முடிந்ததா?" என்று இடைக்கிடை விசாரித்தால் போதும்.

கேட்பது எங்களுக்குப் புதிதல்ல. 1996 மே மாதம் அரசாங்கம் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளியது. அதே ஆண்டு ஒக்டோபரில் அரை மணித்தியாலத்தைக் குறைத்தது. 2006 ஏப்ரலில்தான் பழைய நேரம் திரும்பி வந்தது. வன்னியிலோ அந்தக் காலம் முழுவதும் பழைய நேரமே இருந்தது. 2002 இல் ஏ-9 பாதை திறந்த பிறகு ஓமந்தையைக் கடந்து போய் வந்தவர்களுக்கு நினைவிருக்கும். யாராவது ஒரு நேரத்தைச் சொன்னால் "பழைய நேரமோ, புது நேரமோ?" என்றுதான் முதலில் கேட்பார்கள். அப்படிக் கேட்பதை யாரும் அறியாமை என்று நினைக்கவில்லை. கேளாமல் போனவர்தான் பஸ்ஸைத் தவறவிட்டார்.

அந்தப் பழக்கத்தை நான் மறந்துவிட்டேன். பிழை செயலியில் பாதி என்றால் என்னிடத்தில் பாதி. கடிதத்தைப் பார்த்துத் திகதியை வாசிக்கும்படி அக்காவிடம் அன்றே கேட்டிருக்கலாம்.

சகோதரிகளே, கிளினிக், விசாரணை, கடன் தவணை எதுவானாலும் கிழமையையும் திகதியையும் சேர்த்துக் கேளுங்கள். எதிரில் இருப்பவர் பதிந்ததைத் திருப்பி வாசிக்கச் சொல்லுங்கள். "மிஸ்ஸிட்ட எப்பிடிக் கேக்கிறது?" என்று கூச்சப்பட வேண்டாம். கேட்பது உங்கள் உரிமை. சொல்வது எங்கள் கடமை.

இரண்டாவது தவணைக்கு அக்காவும் நானும் ஒன்றாகவே போனோம். கோப்பு அவருடைய மடியில் இருந்தது. இப்போது அவர் தொலைபேசி எடுத்தால் பேசும் முறையே வேறு.

"பிள்ளை, வாற வெள்ளி. பதினாலாந் திகதி. எழுதிப்போட்டியளோ? எங்க, ஒருக்கால் வாசியுங்கோ பாப்பம்."

நான் வாசித்துக் காட்டிய பிறகுதான் தொலைபேசியை வைக்கிறார்.