எனக்கும் ஆடுதே, டீச்சர்!

கம்ப்யூட்டரில் புது விண்டோஸ் போட்ட பிறகு திரை தடுக்கித் தடுக்கி ஓடியது. மயிலாப்பூர் டீச்சர் ஒருவர் பழியைத் தன் கண்மேல் போட்டுக்கொண்டார்!

மயிலாப்பூர் குளத்துக்குப் பக்கத்துத் தெருவில், ஒரு பழைய வீட்டின் கீழ்ப் போர்ஷனில் தனியாகக் குடியிருக்கிறார் அவர். வயது 67. தி.நகர் பள்ளி ஒன்றில் 31 வருடம் தமிழ் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர். காய்கறிக் கடைக்காரர் முதல் மாடி வீட்டுப் பெண் வரை எல்லோருக்கும் இன்றும் அவர் 'டீச்சர்'தான்.

ஓய்வுக்குப் பிறகு அவர் பிடித்துக்கொண்ட வேலை, புரூஃப் பார்ப்பது. பதிப்பகத்திலிருந்து பி.டி.எஃப். வரும். லேப்டாப்பில் திறந்து வைத்து வரி வரியாக இறங்குவார். எங்கே ஒற்று விட்டுப்போயிருக்கிறது, எங்கே 'ர'வுக்கு 'ற' விழுந்திருக்கிறது என்று பக்க எண், வரி எண்ணோடு ஒரு நீள நோட்டில் எழுதுவார். வருகிற பணம் பெரிதில்லை. ஆனால் மருந்துக் கடை பில்லையும் கரன்ட் பில்லையும் அந்தப் பணத்தில்தான் கட்டுவார். வெளிநாட்டில் இருக்கும் மகனிடம் கேட்பதில்லை. அதில் அவருக்கு ஒரு பெருமை.

ஜனவரியில் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் புத்தகக் காட்சி என்றால், நவம்பர், டிசம்பரில் புரூஃப் பார்ப்பவர்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. கடந்த வருடம் அந்த நேரம் பார்த்துத்தான் லேப்டாப் மாறிப்போனது.

2025 அக்டோபர் 14-ம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு வழக்கமான பாதுகாப்பு அப்டேட்களை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. அதற்கு முன்பிருந்தே லேப்டாப்பைத் திறக்கும்போதெல்லாம் ஓர் எச்சரிக்கை வந்துகொண்டிருந்தது. டீச்சருக்குப் பயம். வங்கிக் கணக்கையும் அதில்தான் பார்க்கிறார். தெரிந்த கடை ஒன்றில் கொண்டுபோய்க் கொடுத்தார். ஏழு வருடப் பழையது என்றாலும் விண்டோஸ் 11 ஏற்கக்கூடிய லேப்டாப்தான். பழையதை முழுக்க அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டுக் கொடுத்தார் கடைப் பையன். ஃபைல்களைப் பத்திரமாக எடுத்து வைத்துத் திரும்பவும் போட்டுத் தந்தார்.

"வீட்டுல நெட் எப்படிம்மா?"

"போன்லேர்ந்துதான்ப்பா எடுத்துக்கறேன்."

"அப்ப டேட்டா சீக்கிரம் தீராத மாதிரி செட் பண்ணித் தர்றேன்."

நல்ல மனதோடு செய்த உதவிதான். ஆனால் வினை அங்கேதான் ஆரம்பித்தது.

வரி ஆடுது

வீட்டுக்கு வந்து 300 பக்க நாவல் ஒன்றைத் திறந்தார் டீச்சர். மவுஸ் சக்கரத்தை உருட்டினால் பக்கம் வழுக்கிக்கொண்டு வரவில்லை. நின்றது, துள்ளியது, மறுபடி நின்றது. 12-வது வரியில் இருந்த பார்வை 19-வது வரியில் போய் விழுந்தது. படித்த வரியையே திரும்பப் படித்தார். சில வரிகளைப் படிக்காமலே தாண்டினார். அரை மணி நேரத்தில் தலை சுற்றியது. வெளிச்சம் வேறு கண்ணைக் கூசியது. குறைக்கலாம் என்று விசையை அழுத்தினால் அதுவும் குறையவில்லை.

முந்தைய வருடம்தான் இரண்டு கண்களிலும் கண்புரை ஆபரேஷன் செய்திருந்தார். ஆகவே அவருக்கு யோசிக்கவே தேவைப்படவில்லை. 'கண்ணுதான் போயிடுச்சு' என்று முடிவு கட்டிவிட்டார்.

மகனிடம் வீடியோ காலில் சொன்னபோதும் "லேப்டாப் சரியில்லை" என்று சொல்லவில்லை. "வரி ஆடுதுப்பா, கண்ணு நிக்க மாட்டேங்குது" என்றுதான் சொன்னார். அவனும் பதறிப்போய், "போதும்மா, இந்த வயசுல எதுக்கு? நிறுத்திடு. பணம் நான் அனுப்பறேன்" என்றான்.

மெட்ரோ வேலைகளைச் சுற்றிக்கொண்டு ஆட்டோவில் அடையாறு போய்க் கண் டாக்டரைப் பார்த்தார். சோதித்த டாக்டர், "லென்ஸ் நல்லா உட்கார்ந்திருக்கு, பார்வையும் சரியா இருக்கு. திரையைப் பார்க்கறப்ப நாம கண்ணைச் சிமிட்டறது குறையும். அடிக்கடி சிமிட்டுங்க" என்று சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். கண் சரியாக இருக்கிறது என்று டாக்டரே சொன்ன பிறகும் டீச்சருக்குச் சந்தேகம் லேப்டாப் பக்கம் திரும்பவில்லை. 'அப்ப மூளையில ஏதோ' என்று பயம் இன்னும் கூடியதுதான் மிச்சம். 'எதற்கும் இருக்கட்டும்' என்று ரிச்சி ஸ்ட்ரீட்டிலிருந்து ஆள் மூலம் புது மவுஸ் ஒன்று வாங்கிப் பார்த்தார். பக்கம் அப்படியேதான் துள்ளியது.

டிசம்பர் முதல் வாரத்தில், பாதி பார்த்த நாவலைப் பதிப்பகத்துக்குத் திருப்பி அனுப்பினார். 'கண் ஒத்துழைக்கவில்லை. மன்னிக்கவும். இனி வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி. அனுப்பிவிட்டு லேப்டாப்பை மூடி, மேலே ஒரு டவலைப் போட்டு அலமாரியில் வைத்தார்.

பொங்கலோடு வந்த பதில்

மார்கழி பிறந்தது. மாடி வீட்டில் குடியிருக்கும் பி.காம். படிக்கிற பெண், கோயிலிலிருந்து வாங்கி வந்த பொங்கலைக் கொடுக்க ஒரு காலையில் இறங்கி வந்தாள்.

"என்ன டீச்சர், புக் ஃபேர் நேரத்துல லேப்டாப்பை மூடி வெச்சிட்டீங்க?"

"கண்ணு போச்சும்மா. வரியெல்லாம் ஆடுது."

"எங்கே, காட்டுங்க."

டவலை எடுத்து, லேப்டாப்பைத் திறந்து, பழைய புரூஃப் ஒன்றை ஓட்டினார் டீச்சர். பார்த்துக்கொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள்.

"எனக்கும் ஆடுதே, டீச்சர்!"

டீச்சர் சற்று நேரம் பேசவே இல்லை. ஒன்றரை மாதமாக அந்தத் திரையை அவரைத் தவிர வேறு யாரும் பார்க்கவே இல்லை. மகன் பார்த்தது அம்மாவின் முகத்தை. டாக்டர் பார்த்தது கண்ணை. லேப்டாப்பை யாரும் பார்க்கவில்லை. டீச்சரும் யாரிடமும் காட்டவில்லை.

ஒரே ஆள் பந்தி

அந்தப் பெண் கம்ப்யூட்டர் படித்தவள் இல்லை. ஆனால் ஒழுங்காகத் தேடத் தெரிந்தவள். முதலில் பி.டி.எஃப். பக்கத்தை மவுஸால் உருட்டினாள். பிறகு டச்பேடால், பிறகு கீழ்நோக்கும் அம்புக்குறி விசையால். மூன்றிலும் துள்ளல். ஆக, மவுஸ் காரணம் இல்லை. பிரவுசரைத் திறந்து ஒரு செய்திப் பக்கத்தை ஓட்டினாள். அங்கேயும் துள்ளல். விண்டோவைப் பிடித்து இழுத்தாள், அதுவும் விட்டு விட்டு நகர்ந்தது. ஆக, பி.டி.எஃப். காரணம் இல்லை.

அடுத்து டாஸ்க் மேனேஜரில் 'பர்ஃபார்மன்ஸ்' பக்கம். உருட்டும்போது பிராசஸரின் கோடு சடசடவென்று மேலே ஏறியது. அதே பக்கத்தில் வழக்கமாக இருக்க வேண்டிய 'ஜி.பி.யு.' என்ற வரியைக் காணவே காணோம். கடைசியாக 'டிவைஸ் மேனேஜர்' திறந்து, 'டிஸ்ப்ளே அடாப்டர்ஸ்' என்பதை விரித்தாள். அங்கே லேப்டாப்பில் உள்ள கிராஃபிக்ஸ் சிப்பின் பெயர் இல்லை. 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்' என்று மட்டும் இருந்தது.

விஷயம் இதுதான். திரையில் படம் வரைவதற்கென்றே கம்ப்யூட்டருக்குள் கிராஃபிக்ஸ் சிப் ஒன்று இருக்கிறது. அதை வேலை வாங்க அதற்கேற்ற 'டிரைவர்' என்ற மென்பொருள் வேண்டும். புதிதாக விண்டோஸ் போடும்போது அது கிடைக்காவிட்டால், எந்தக் கம்ப்யூட்டரிலும் எப்படியாவது படம் வரவைக்கும் ஒரு பொதுவான டிரைவரை விண்டோஸ் போட்டுக்கொள்ளும். அந்த 'பேசிக்' டிரைவருக்கு சிப்பின் முழு வேகத்தையும் பயன்படுத்தத் தெரியாது. வரைகிற வேலை முழுவதும் பிராசஸர் தலையில் விழும். கல்யாண வீட்டில் சமையல்காரரே ஓடிவந்து பந்தியிலும் பரிமாறுகிற கதைதான்.

சாதாரண லேப்டாப் திரை ஒரு விநாடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுகிறது. அதாவது ஒரு படத்துக்குக் கிடைக்கும் நேரம், விநாடியை ஆயிரம் பங்காக்கினால் சுமார் 17 பங்கு. அதற்குள் அடுத்த படம் தயாராகவில்லை என்றால் பழைய படமே நிற்கும். பிறகு ஒரே தாவலாகத் தாவும். வரியைப் பின்தொடர்ந்து போகிற கண் அங்கே தடுமாறிவிடும். வெளிச்சத்தைக் குறைக்க முடியாமல் போனதற்கும் இதுவேதான் காரணம். பேசிக் டிரைவர் இருக்கும்போது பல லேப்டாப்களில் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி வேலை செய்யாது.

சரி, நெட்டில் இணைத்த பிறகாவது விண்டோஸ் தானாகச் சரியான டிரைவரை எடுத்திருக்க வேண்டாமா? பொதுவாக எடுத்துவிடும். ஆனால் டேட்டா மிச்சமாகட்டும் என்று கடைப் பையன் போட்டுக் கொடுத்தது 'மீட்டர்டு கனெக்‌ஷன்'. அது ஆனில் இருந்தால், நாம் தனியாக அனுமதி கொடுக்காதவரை, விண்டோஸ் டிரைவர்களை இறக்காது.

மாடி வீட்டு வைஃபையில் லேப்டாப்பை இணைத்து, விண்டோஸ் அப்டேட்டை ஓட்டினாள். டிரைவர் இறங்கியது. திடீரென்று திரை முழுக்கக் கறுப்பானது.

"ஐயோ, போயிடுச்சா?"

"இருங்க டீச்சர், வரும்."

வந்தது. ஒருமுறை அணைத்துப் போட்டு பி.டி.எஃப்-ஐத் திறந்தார் டீச்சர். சக்கரத்தை உருட்டினார். பக்கம் வழுக்கிக்கொண்டு இறங்கியது. வெளிச்சத்தைக் குறைத்தார். குறைந்தது. கூட்டினார். மறுபடி குறைத்தார். பொங்கல் ஆறிப்போயிருந்தது.

உங்கள் வீட்டில் விண்டோஸ் மாற்றப் போகிறீர்களா?

* அவசரம் இல்லையென்றால் பதற வேண்டாம். பதிவு செய்துகொண்டால் விண்டோஸ் 10-க்கான பாதுகாப்பு அப்டேட்கள் வீட்டு உபயோகத்துக்கு 2026 அக்டோபர் 13 வரை கிடைக்கும்.
* லேப்டாப்பின் அடியில் இருக்கும் மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு, தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்து கிராஃபிக்ஸ், வைஃபை டிரைவர்களை முன்கூட்டியே பென் டிரைவில் எடுத்து வையுங்கள். 'டிரைவர் அப்டேட்டர்' என்று விளம்பரத்தில் வரும் மென்பொருள்கள் வேண்டாம்.
* கடையிலிருந்து வாங்கும்போதே டிவைஸ் மேனேஜரைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். 'பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்' என்று இருந்தால் வேலை முடியவில்லை என்று அர்த்தம்.
* பிரவுசரில் மட்டும் துள்ளினால், அதன் செட்டிங்ஸில் 'கிராஃபிக்ஸ் ஆக்ஸிலரேஷன்' ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள். டச்பேடில் மட்டும் துள்ளினால், டச்பேடின் டிரைவரைத் தேடுங்கள்.
* திரையைப் பார்க்காத நேரத்திலும் தலை சுற்றுகிறது, எழுத்து ஆடுகிறது என்றால் அது வேறு விஷயம். டாக்டரிடம் போகத் தயங்காதீர்கள்.
* வீட்டில் பெரியவர்கள் 'எனக்கு வயசாயிடுச்சு, வரமாட்டேங்குது' என்று சொன்னால், ஒருமுறை பக்கத்தில் உட்கார்ந்து அவர்களின் திரையைப் பாருங்கள்.

டீச்சர் அன்று மதியமே பதிப்பகத்துக்கு போன் போட்டார். திருப்பி அனுப்பிய நாவல் வேறு ஒருவர் கைக்குப் போயிருந்தது. அதைக் கேட்டுச் சங்கடமாகத்தான் இருந்தது. மூன்று நாள் கழித்து ஒரு சிறுகதைத் தொகுப்பு வந்தது. 160 பக்கம். பொங்கலுக்கு முன்பே முடித்துக் கொடுத்துவிட்டார்.

ஜனவரியில் மாடி வீட்டுப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு புத்தகக் காட்சிக்குப் போனார். அந்தப் பதிப்பக ஸ்டாலில், தான் திருப்பி அனுப்பிய நாவல் அச்சாகி அடுக்கி வைக்கப்பட்டிருந்தது. ஒன்றை எடுத்து, நின்றபடியே ஏழெட்டுப் பக்கம் புரட்டினார். முகம் சுருங்கியது.

"என்னாச்சு டீச்சர்?"

"ரெண்டு இடத்துல 'க்' விட்டுப்போச்சும்மா."

மூடி ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, பில் போடச் சொல்லி கவுன்ட்டரில் நீட்டினார்.