சுவரிலே கீறிய பெயர்

றோமாபுரிக்குச் செல்வோர் கொலோசியத்தையும் அர்ச். இராயப்பர் பேராலயத்தையும் காணாது திரும்புவதில்லை. நாமும் அவற்றைக் கண்டோம். ஆயினும் எம்மை நெடுநேரம் நிறுத்திவைத்தது, பலத்தீன் குன்றின் காட்சிச்சாலையிலே உள்ள ஒரு சிறு சுவர்த்துண்டுதான்.

பலத்தீன் குன்று சக்கரவர்த்திகளின் அரண்மனைகள் விளங்கிய இடம். அதன் சரிவிலே, தேரோட்டப் பந்தயங்கள் நிகழ்ந்த பெருவெளியை நோக்கியவாறு ஒரு கட்டடம் இடிந்து கிடக்கின்றது. அரண்மனை ஊழியத்துக்கெனச் சிறுவரைப் பயிற்றிய பாடசாலை அஃது என்பர் ஆராய்ச்சியாளர். சுவரெங்கும் அச்சிறுவர் கீறிய பெயர்கள்! 1857 ஆம் ஆண்டில் அங்கே கண்டெடுக்கப்பட்டதே இத்துண்டு. சிலுவையிலே ஓர் உருவம். உடல் மனிதனுடையது, தலை கழுதையினுடையது. கீழே ஓர் இளைஞன் கையை உயர்த்தி நிற்கின்றான். 'அலெக்சாமெனோஸ் தன் கடவுளை வணங்குகின்றான்' என்று கிரேக்க மொழியிலே பக்கத்தில் எழுதியிருக்கின்றது. எழுதியவன் ஒரு சொல்லைப் பேச்சொலிப்படியே எழுதி எழுத்துப் பிழையும் விட்டிருக்கின்றான். பரிகாசத்தில் இருந்த ஊக்கம் பாடத்தில் இருக்கவில்லை போலும்!

இச்சித்திரம் ஏறக்குறைய கி.பி. 200 ஆம் ஆண்டளவினது என்பது பலர் கொள்கை. கிறிஸ்தவர் கழுதைத் தலையை வணங்குவோர் என்ற வதந்தி அந்நாளிலே உலாவியது. அதனை மறுத்து 197 ஆம் ஆண்டளவில் கார்த்தேஜ் நகரத்துத் தெர்த்துல்லியன் எழுதியுள்ளார். வீட்டு மாடத்திலும் வீதி முனையிலும் படைவீட்டிலும் தேவர்களுக்குப் படையல் நடந்த நகரம் அது. சக்கரவர்த்தியின் திருவுருவத்தின் முன் சிறிது தூபமிட்டாற் போதும், எவரும் ஒன்றும் கேட்கமாட்டார். அச்சக்கரவர்த்தியின் சொந்த மனையிலேயே, தோழர் நகைக்க நகைக்க வாழ்ந்தான் இந்த அலெக்சாமெனோஸ்.

அடுத்த அறையின் சுவரிலே வேறொரு கை இலத்தீனில் இரண்டே சொற்களைக் கீறியிருந்தது: 'அலெக்சாமெனோஸ் விசுவாசமுள்ளவன்.'

சிலுவையிலறையுண்ட கோலத்தைக் காட்டும் மிகப் பழைய சித்திரங்களுள் ஒன்று பகைவன் வரைந்த பரிகாசச் சித்திரம் என்பது விந்தையல்லவா? அடியார்கள் தாமே எதனை வரைந்தார்கள் என்று காண, தெற்கு வாயிலைக் கடந்து அப்பியா வீதி வழியே கலிஸ்துஸ் நிலக்கீழ்க் கல்லறைகளுக்குச் சென்றோம்.

படிகளில் இறங்கியதும் குளிர் எம்மைச் சூழ்ந்தது. வெட்டும்போது மெதுமையாயிருந்து காற்றுப்பட்டதும் இறுகும் எரிமலைக் கல்லைக் குடைந்து, நான்கு தட்டுகளாக ஏறத்தாழ 20 கிலோமீற்றர் நீளத்துக்கு வழிகள் அமைத்திருக்கின்றனர். இருபுறமும் அடுக்கடுக்காக உடலங்களை வைத்த மாடங்கள். சில, கைக்குழந்தைக்கு மாத்திரமே போதுமானவை. மீன், நங்கூரம், ஆட்டைத் தோளிற் சுமக்கும் நல்ல மேய்ப்பன் ஆகியவற்றையே கண்டோம். சிலுவையைப் பகிரங்கமாக வரையும் வழக்கம் பின்னரே பெருகியது.

கிறிஸ்தவர் இங்கே ஒளிந்து வாழ்ந்தனர் என்று கதைகளிற் படித்திருப்போம். அது சரியன்று. இவை கல்லறைகளே, றோம சட்டம் கல்லறைகளைக் காத்தது. ஆனால் 257 ஆம் ஆண்டில் வலேரியன் சக்கரவர்த்தி கிறிஸ்தவர் கல்லறைகளிற் கூடுவதையும் தடுத்தான். தடையை மீறிய பாப்பரசர் இரண்டாம் சிக்ஸ்துஸ் 258 ஆகஸ்ட் 6 ஆந் திகதி, கல்லறைத் தோட்டமொன்றிலே பிடிபட்டுத் தியாக்கோன்மார் நால்வருடன் கொல்லப்பட்டார்.

அவரும், மூன்றாம் நூற்றாண்டின் ஏனைய பாப்பரசர் எண்மரும் அடக்கம் பெற்ற அறையை 1854 ஆம் ஆண்டிலே தெ றோசி என்னும் அறிஞர் கண்டுபிடித்தார். அதன் வாயிலில் நின்றபோது வழிகாட்டி விளக்கைச் சுவரின் அருகே பிடித்தார். சாந்து முழுவதும் நுண்ணிய கீறல்கள். பழங்கால யாத்திரிகர் தம் பெயரையும், தம் அன்புக்குரியோரை மறவாதிருக்குமாறு அர்ச்சியசிட்டவர்களை வேண்டும் மன்றாட்டுகளையும், ஒன்றன்மேல் ஒன்றாக, கூரிய முனையாலே கீறிச் சென்றிருந்தனர்.