ஃபுனாஃபுட்டி: 340 மீட்டர் துளைத்தும் பாறை தட்டாத தீவு!

ஃபிஜியின் சுவா நகரிலிருந்து கிளம்பும் சிறிய விமானம், இரண்டரை மணி நேரம் வெறும் கடலுக்கு மேலேயே பறக்கிறது. பிறகு திடீரென்று, நீலத்தின் நடுவே யாரோ வெள்ளை நூலை வளைத்துப் போட்டதுபோல ஒரு தீவு வளையம். அதுதான் ஃபுனாஃபுட்டி, துவாலு என்ற குட்டி நாட்டின் தலைநகரம்.

இந்த வளையத்தின் பெரிய துண்டு ஃபோங்காஃபாலே. நீளம் சுமார் 12 கிலோமீட்டர். அகலமோ சில இடங்களில் ஒரு தெரு அளவுதான். ஒரு பக்கம் பசிபிக் அலைகள், மறுபக்கம் அமைதியான காயல். விமானம் கிளம்பிப் போனதும் ஓடுபாதைதான் ஊருக்கே மைதானம். மாலையில் கால்பந்து, வாலிபால், காற்று வாங்கும் குடும்பங்கள் என்று களைகட்டிவிடும்.

இங்கே வருபவர்கள் தேடிப்போய்ப் பார்க்கும் இடங்களில் ஒன்று, ‘டேவிட் துளை’. பெரிதாக எதையும் எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். தரையில் ஒரு சிறு துளை, அவ்வளவே! ஆனால் அதற்குள் ஒரு பெரிய சண்டையின் கதை இருக்கிறது.

பவளப்பாறைகளைக் கட்டும் பவள உயிரிகளுக்கு வெளிச்சம் வேண்டும். ஆழம் குறைந்த நீரில்தான் அவை வளரும். அப்படியிருக்க, சுற்றிலும் ஆயிரக்கணக்கான மீட்டர் ஆழமுள்ள நடுக்கடலில் பவள வளையம் எப்படி வந்தது? 1842-ல் சார்லஸ் டார்வின் ஒரு பதில் சொன்னார். முதலில் ஓர் எரிமலைத் தீவு இருந்தது. அதன் கரையில் பவளம் வளர்ந்தது. எரிமலை மெல்ல மெல்ல அமிழ, பவளம் மேலே மேலே கட்டிக்கொண்டே வந்தது. கடைசியில் மலை மறைந்தது, வளையம் மட்டும் மிஞ்சியது. ஜான் முர்ரே போன்றவர்கள் இதை ஏற்கவில்லை. எதுவும் அமிழவில்லை, கடலடி மேட்டில் வண்டல் படிந்து உயர்ந்து, அதன்மேல் பவளம் முளைத்தது என்றார்கள்.

யார் சொல்வது சரி? தோண்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். ‘யாராவது ஒரு கோடீஸ்வரர் துளையிட்டுப் பார்க்கக் கூடாதா’ என்று 1881-ல் டார்வின் கடிதத்திலேயே ஆசைப்பட்டார். அடுத்த ஆண்டு இறந்துபோனார்.

1896-ல் லண்டன் ராயல் சொசைட்டி ஃபுனாஃபுட்டிக்கு ஒரு குழுவை அனுப்பியது. நம்மூரில் போர்வெல் போட்டவர்களுக்கு அடுத்து நடந்தது புரியும். மணல் சரிந்து சரிந்து துளையை மூடியது. சுமார் 32 மீட்டரோடு திரும்பிவிட்டார்கள். மறு ஆண்டு சிட்னியிலிருந்து எட்ஜ்வொர்த் டேவிட் வந்தார். துளைக்கு அவர் பெயர்தான். கூடவே வந்த மனைவி கேரோலின், அறிவியல் பேசாத பயணக்கதை என்று தானே சொல்லிக்கொண்டு அந்த மூன்று மாதங்களைப் புத்தகமாக எழுதினார். 1898-ல் மூன்றாவது முயற்சியில் துளை சுமார் 340 மீட்டரைத் தொட்டது. மேலிருந்து கீழ்வரை வந்ததெல்லாம் பவளமும் சுண்ணாம்பும்தான். எரிமலைப் பாறை தட்டவே இல்லை.

டார்வின் பக்கம் கைதட்டியது. எதிர்ப்பக்கமோ, ‘அது மேலிருந்து உடைந்து சரிவில் உருண்டு குவிந்த பவளமாகவும் இருக்கலாமே’ என்றது. தீர்ப்புக்கு அரை நூற்றாண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. 1952-ல், மார்ஷல் தீவுகளின் எனிவெடாக்கில் அமெரிக்கா ஆழத் துளையிட்டது. அணுகுண்டுச் சோதனைக்காகப் போன இடம் அது என்பதுதான் உறுத்தல். 1,250 மீட்டருக்கும் கீழே எரிமலைப் பாறை தட்டியது. அதன்மேல் இருந்ததெல்லாம் ஆழமற்ற நீரில் வாழ்ந்த உயிர்களின் மிச்சம். டார்வின் சொன்னது சரி!

ஃபுனாஃபுட்டிக்கே திரும்புவோம். 1898-ல் காயலின் நடுவே ஒரு கப்பலை நிறுத்தி, அடித்தரையிலும் துளையிட்டிருந்தார்கள். பவளம்தான் வரும் என்று யாரும் நினைப்போம். மேலே வந்ததோ பெரும்பாலும் ஹாலிமெடா என்ற பச்சைப் பாசி விட்டுச்சென்ற சுண்ணாம்பு வில்லைகள். கரை மணலில் பெரும்பங்கு, ஃபோராமினிஃபெரா என்ற நுண்ணுயிர்களின் ஓடுகள். ஆக, மக்கள் நடக்கும் மண்ணே கடல் உயிர்கள் தயாரித்தது.

தயாரிப்பு இன்னும் நிற்கவில்லை. 1972-ல் வீசிய பெபே புயல் வீடுகளை வாரிக்கொண்டு போனது. அதே புயல்தான் ஆழத்திலிருந்த பவளத் துண்டுகளை அள்ளி, 19 கிலோமீட்டர் நீளத்துக்குக் கரைபோலக் குவித்தும் போட்டது. 1971 முதல் 2014 வரையிலான படங்களை ஆராய்ந்த ஆக்லாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள், துவாலுவின் மொத்த நிலப்பரப்பு 2.9 சதவிகிதம் கூடியிருப்பதாக 2018-ல் சொன்னார்கள்.

அதற்காக நிம்மதியாக இருந்துவிட முடியாது. பரப்பு கூடினாலும் உயரம் போதவில்லை. தரை முழுக்கத் துளைகள் என்பதால், பெரிய ஓதம் வரும் நாள்களில் கடல் கரையைத் தாண்ட வேண்டிய அவசியமே இல்லை. ஊர் நடுவே, காலுக்குக் கீழிருந்தே உப்புநீர் ஊறி வருகிறது. அதில் கிழங்குப் பயிர்கள் கருகுகின்றன. ஆண்டுக்கு 280 பேர் ஆஸ்திரேலியாவில் குடியேறலாம் என்ற ஒப்பந்தம் 2024-ல் நடைமுறைக்கு வந்தது. மறு ஆண்டு நடந்த முதல் குலுக்கலுக்கே நாட்டின் பெரும்பாலானோர் பெயர் கொடுத்துவிட்டார்கள்.

போக மனமில்லாதவர்களும் இருக்கிறார்கள். ஃபோங்காஃபாலேயின் காயல் ஓரத்தில் இப்போது சுமார் 7 ஹெக்டேர் புது நிலம் தெரிகிறது. பழைய தரையைவிட உயரமாக மேடு கட்டியிருக்கிறார்கள். அதற்கான மணலை எங்கிருந்தும் கப்பலில் ஏற்றி வரவில்லை. அன்று குழாய் இறக்கிப் பார்த்த அதே காயலின் அடியிலிருந்துதான் உறிஞ்சி எடுத்துக் கொட்டினார்கள்.