நுரை நாலு பேருக்கு

பாளையங்கோட்டை,
ஞாயிறு மத்தியானம்.

அன்புள்ள தம்பி சரவணனுக்கு,

அக்கா எழுதுவது. போனில் நீ "ம்", "சரிக்கா", "பாக்கலாம்க்கா" என்பதற்கு மேல் வாய் திறப்பதில்லை. நான் விஷயத்துக்கு வருகிற நேரம் பார்த்து உனக்கு ஏதாவது மீட்டிங் வந்துவிடுகிறது. அதனால்தான் பார்சலுக்குள் இதைத் திணித்து அனுப்புகிறேன். முதலில் இதைப் படித்து முடி, அப்புறம் தின்பண்டத்தில் கை வை.

இங்கே மழை விட்டபாடில்லை. துணி காயாமல் வீட்டுக்குள்ளேயே குறுக்கும் நெடுக்கும் கொடி கட்டிக் கிடக்கிறது. கொல்லை முருங்கை முறிந்து விழுந்துவிட்டது, நல்லவேளை பக்கத்து வீட்டுப் பக்கம் சாயவில்லை. உன் மருமகளுக்கு அரையாண்டுப் பரீட்சை வருகிறது. புத்தகம் மடியில், கண் என் போனில். நீ அனுப்பிய போட்டோவை முதலில் பார்த்தவள் அவள்தான். "மாமா ராத்திரி ஐஸ்கிரீம் குடிக்காங்க" என்று தெருவுக்கே சொல்லிவிட்டாள்.

அந்தப் போட்டோவில் எல்லாரும் கண்ணாடித் தம்ளரைப் பார்த்தார்கள். அடியில் வெள்ளைப் பால், மேலே நாலு விரல் உயரத்துக்குப் பழுப்பு நுரை. அழகாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் நான் பின்னால் தெரிந்த அடுப்பைப் பார்த்தேன். ஒரு பாத்திரம் இல்லை, ஒரு தட்டு இல்லை, மேடை துடைத்துப் போட்ட மாதிரியே கிடக்கிறது. ஏல, அன்றைக்கு ராத்திரி என்ன சாப்பிட்டாய்? மறைக்காமல் சொல்.

சரி, நீ கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். காபியைக் கரண்டியால் அடித்தால் கை கடுக்கிறது, புது பிளெண்டரில் போட்டால் நுரை வராமல் ஜாடி முழுக்கத் தெறிக்கிறது என்றாயே. தெறிக்காமல் என்ன செய்யும்? ஒன்றரை லிட்டர் ஜாடியில் இரண்டு கரண்டி காபித்தூளும் இரண்டு கரண்டி வெந்நீரும் விட்டால் அது பிளேடுக்கு அடியில் போய்ப் பதுங்கிக்கொள்ளும். கொஞ்சநஞ்சம் பிளேடில் பட்டது பக்கச் சுவரில் ஒட்டி அங்கேயே நின்றுவிடும். மோட்டார் வெறும் காற்றைத்தான் சுற்றும். அந்த பிளெண்டரோடு ஒரு சின்ன ஜார் வந்திருக்குமே, அது எங்கே? அட்டைப்பெட்டிக்குள் பிளாஸ்டிக் உறையோடு கிடக்கும், எனக்குத் தெரியாதா உன்னை! அதை எடு.

எடுத்து, சோப்பு போட்டு வெந்நீரில் கழுவு. மூடியில் இருக்கும் ரப்பர் வாஷரைக் கழற்றி அதையும் கழுவு. துளி எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலும் நுரை அமுங்கிப் போகும். பின்னாளில் அதே ஜாரில் தேங்காய்ச் சட்னி அரைத்தாயானால் இந்த வேலை இரண்டு மடங்கு, பூண்டு வாடை வேறு. இன்ஸ்டன்ட் தூள் நாலு பெரிய கரண்டி, சீனி நாலு, தண்ணீர் நாலு. சம அளவு, அவ்வளவுதான் கணக்கு. மூடிய ஜாரில் கொதிக்கிற தண்ணீரை ஊற்றி ஓட்டாதே. ஆவி முட்டி மூடியைத் தூக்கி எறியும், முகத்தில் பட்டால் என்ன ஆவது? பச்சைத் தண்ணீரே போதும். இன்ஸ்டன்ட் தூள் அதிலேயே கரையும், நுரையும் குளிர்ச்சியில் இன்னும் கெட்டியாக நிற்கும்.

ஒரேயடியாக ஓட விடாதே. பிளெண்டர் குமிழை விப்பரில் வைத்து விட்டு விட்டு அடி. நடுவில் நிறுத்தி, மூடியைத் திறந்து, பக்கத்தில் ஒட்டியதையெல்லாம் வழித்து உள்ளே தள்ளு. முதலில் கறுப்பாக, தண்ணியாக இருக்கும். ஒன்றும் ஆகாது போலிருக்கிறதே என்று தோன்றும். அப்புறம் பழுப்பேறி, பிஸ்கட் நிறத்துக்கு வரும். மோட்டார் சத்தமும் கனத்துவிடும், கவனித்துக் கேள். ஒரு கரண்டியில் எடுத்துக் கவிழ்த்துப் பார். விழாமல் தொங்கினால் பதம். ஆனால் பிளேடு வெட்டத்தான் பிறந்தது. முட்டை அடிக்கிற கம்பி மத்து காற்றை அள்ளி உள்ளே அடைக்கிற அளவுக்கு அதற்கு வராது. அதனால் கையால் அடித்ததைவிட நுரை ஒரு சுற்றுத் தளர்வாகத்தான் இருக்கும். அதற்காக மனசு விட்டுவிடாதே.

ஏன் இன்ஸ்டன்ட் தூள்தான் வேண்டும் என்று கேட்பாய். அம்மா ஃபில்டரில் இறக்கும் டிகாக்‌ஷன் எவ்வளவு திக்காக இருந்தாலும் அதில் தண்ணீர்தான் அதிகம். அதை ராத்திரி முழுக்க அடித்தாலும் இந்தப் பதம் வராது. இன்ஸ்டன்ட் தூள் என்பது காபியை வடித்து, நீரைப் போக்கிக் காயவைத்த சத்து. ஒரு கரண்டித் தண்ணீரில் ஒரு கரண்டித் தூள் கரைகிறதென்றால் எவ்வளவு செறிவு என்று யோசி. காபியில் இருக்கும் புரதமும் மாவுச்சத்து வகையறாக்களும் காற்றுக்குமிழைச் சுற்றித் தோல் கட்டுகின்றன. சீனி, குமிழ்களுக்கு நடுவே இருக்கும் நீரைப் பிசுபிசுப்பாக்கிக் கீழே வடியவிடாமல் பிடித்து வைக்கிறது. சீனி போடாமலும் நுரை வரும், நிற்காது. இதெல்லாம் நான் உனக்குப் பரப்பு இழுவிசை நடத்தியபோதே சொன்னதுதான். அன்றைக்கு ஜன்னல் வழியே கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தாய்.

2020 ஏப்ரல் நினைவிருக்கிறதா? ஊரடங்குக்கு முதல் நாள் வந்து சேர்ந்தவன், தார்சாவில் உட்கார்ந்து தம்ளரும் கரண்டியுமாக நானூறு எண்ணி அடித்தாயே. அப்பா சாய்வு நாற்காலியிலிருந்து, "மோரைக் கடைஞ்சா வெண்ணெயாவது வருமேல" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நீ அப்போது கொரியாக்காரன் கண்டுபிடித்தது என்று அடித்துப் பேசினாய். அந்த வழக்கு இன்னும் முடியவில்லை. அந்த வருஷம் ஜனவரியில் ஜங் இல்-வூ என்ற கொரிய நடிகர் டிவி நிகழ்ச்சியில் இதைக் குடித்துப் பார்த்து, அவர்கள் ஊர்ச் சர்க்கரை மிட்டாயான தல்கோனாவின் ருசி இருக்கிறது என்றார். பெயர் அப்படி வந்தது. ஆனால் அவர் குடித்தது மக்காவ் நகரில், லியோங் காம் ஹோன் என்பவரின் காபிக் கடையில். அதற்கெல்லாம் முன்னாலேயே வடக்கே வீட்டுக்கு வீடு காபியும் சீனியும் குழைத்து அடித்துக்கொண்டிருந்தார்கள். அவ்வளவு தூரம் ஏன், விருந்தாள் வந்தால் அம்மா ப்ரூ தூளையும் சீனியையும் சொட்டுப் பால் விட்டு வெளுக்கிற வரை அடித்து, மேலே சூடான பாலை ஆற்றி ஊற்றுவாளே, அதற்கு எந்த நடிகர் வந்து பெயர் வைத்தார்?

இனிமேல்தான் திட்டப் போகிறேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்.

நாலு கரண்டி அளவு சொன்னேன் அல்லவா, அதற்குக் குறைந்தால் ஜாரில் அடிபடாது. அடித்த நுரை முழுவதையும் நீயே குடித்துத் தீர்க்கிறாய் என்பது அந்தத் தம்ளரைப் பார்த்தாலே தெரிகிறது. கணக்கு சொல்கிறேன் கேள். சிக்கரி கலக்காத இன்ஸ்டன்ட் தூள் ஒரு தேக்கரண்டியில், அதாவது 2 கிராமில், ஏறக்குறைய 60 மில்லிகிராம் கஃபீன் இருக்கிறது. ஒரு பெரிய கரண்டி என்பது மூன்று தேக்கரண்டி. இரண்டு பெரிய கரண்டித் தூளின் நுரையை ஒரு தம்ளரில் தள்ளினால் 360 ஆகிவிட்டது. நல்ல உடம்புக்காரர்களுக்கே ஒரு நாளைக்கு 400-க்கு மேல் வேண்டாம் என்கிறார்கள். நீ அதை ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஒரே மூச்சில் குடிக்கிறாய். உள்ளே போனதில் பாதி வெளியேறவே ஐந்து மணி நேரம் ஆகும். விடிகாலை ஐந்துக்கும் உன் ரத்தத்தில் மூன்று தேக்கரண்டி காபி ஓடிக்கொண்டிருக்கும். அப்புறம், "தூக்கமே வரலக்கா, வேலை டென்ஷன்" என்கிறாய். கோட்டிப்பயலே, டென்ஷனா அது?

சீனியையும் பார். அப்பாவுக்குச் சர்க்கரை எந்த வயதில் வந்தது என்று உனக்கு நினைவிருக்காது, நீ அப்போது கைக்குழந்தை. அவருக்கு நாற்பதுகூட ஆகவில்லை. கால் புண் ஆறாமல் அவர் பட்டதை நீயும் கடைசியில் பார்த்தாய்தானே. நம் இரண்டு பேருக்கும் அது எப்போது கதவைத் தட்டும் என்று நான் பயந்துகொண்டுதான் இருக்கிறேன். வருஷா வருஷம் சோதித்துப் பார்க்கிறேன், இதுவரை ஒன்றுமில்லை. நீயும் போய்ப் பார். வெறும் வயிற்றில் போகவேண்டும், அது உனக்குச் சிரமமில்லை, எப்போதும் வெறும் வயிறுதான்.

அம்மாவைப் பற்றி ஒன்று. நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதே. உன் மருமகளிடம் கேட்டு, வாட்ஸ்அப்பில் நீ கடைசியாக எத்தனை மணிக்கு வந்துபோனாய் என்று பார்க்கக் கற்றுக்கொண்டிருக்கிறாள். இங்கிலீஷ் தெரியாது, எண் தெரியுமே. ராத்திரி எழுந்து தண்ணீர் குடிக்கிற சாக்கில் போனை எடுத்துப் பார்ப்பாள். காலையில் என்னிடம், "மூணு நாப்பதுக்கு முழிச்சிருந்திருக்கான்" என்பாள். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை போடுகிறவள். அவளும் தூங்குவதில்லை, நீயும் தூங்குவதில்லை, நடுவில் நான் இரண்டு பேருக்கும் நல்லவளாக நடித்துக்கொண்டிருக்கிறேன்.

உன்கூட இருந்த பையன் கல்யாணம் முடித்துப் போனதிலிருந்தே நீ சரியில்லை. ஆள் இருந்தவரை ஒருவன் பொங்குவான், ஒருவன் வெஞ்சனம் வைப்பான், சண்டை போட்டாவது சாப்பிட்டீர்கள். இப்போது தனியாளுக்கு என்ன சமையல் என்று விட்டுவிட்டாய். நீ சொல்லவில்லை. சொல்லமாட்டாய் என்றும் தெரியும், அப்பாவின் பிள்ளை. ராத்திரி ஒரு மணிக்கு பிளெண்டர் ஓடி, கீழே இருந்து வீட்டுக்காரம்மா மாடி ஏறி வந்து கதவைத் தட்டினார்கள் என்று சிரிப்பு பொம்மை போட்டு அனுப்பினாயே, எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த நேரத்தில் உன் கதவைத் தட்ட அந்த ஊரில் ஒரு ஆள் இருக்கிறதே என்று ஆறுதலாகத்தான் இருந்தது.

அதனால் இப்படிச் செய். பிளெண்டரை ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மட்டும் எடு. பக்கத்து அறையில் தர்மபுரிப் பையன் இருக்கிறான், கூட இரண்டு பேர் இருக்கிறார்கள் என்றாயே, அவர்களைக் கூப்பிடு. நாலு கரண்டிக் கணக்கில் அடித்தால் தாராளமாக எட்டுத் தம்ளருக்கு வரும். ஆளுக்கொரு பெரிய கரண்டி நுரை, குளிர்ந்த நந்தினி பால், மேலே இரண்டு ஐஸ். கலக்கிக் குடிக்கச் சொல். கலக்காமல் குடித்தால் முதலில் கசப்பு, கடைசியில் சப்பென்று பால். மிச்சத்தை மூடி போட்ட டப்பாவில் ஃப்ரிட்ஜில் வைத்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும். நீர் பிரிந்தால் கரண்டியால் ஒரு கலக்கு, போதும். தினமும் ஒரு கரண்டி, ஆறு மணிக்கு முன்னால். அதற்கப்புறம் மோர் குடி.

சிக்கரி கலந்த தூளிலும் நுரை வரும், சந்தேகப்படாதே. சிக்கரியில் கஃபீன் கிடையாது, உனக்கு அதுவே நல்லது. வீட்டுக்காரம்மா ஃபில்டர் காபிக்காரராக இருந்தால் இதைப் பார்த்து முகம் சுளிப்பார்கள். இந்தியக் காபியில் பத்துக்கு ஏழு பங்கு விளைகிற கர்நாடக மாநிலம் அது, அவர்கள் சுளிக்கலாம்.

மற்ற நாளில் ஆசை தாங்கவில்லை என்றால் அதற்கும் வழி உண்டு, கரண்ட் வேண்டாம், சத்தமும் வராது. 1957-ல் கிரீஸ் நாட்டில் தெசலோனிகி என்ற ஊர்ப் பொருட்காட்சியில், காபி கம்பெனி ஆள் ஒருவர் வெந்நீர் கிடைக்காமல், குழந்தைகள் பானம் கலக்குகிற குலுக்கியில் இன்ஸ்டன்ட் தூளையும் பச்சைத் தண்ணீரையும் போட்டுக் குலுக்கியிருக்கிறார். பொங்கிக்கொண்டு நுரை வந்தது. ஃப்ராப்பே என்று இன்றைக்கும் அந்த நாடே குடிக்கிறது. இட்லிப்பொடி வைத்திருக்கும் திருகுமூடி பாட்டில் இருக்கிறதே, காலியானதும் கழுவி வை. தூள் ஒரு தேக்கரண்டி, சீனி ஒன்று, பச்சைத் தண்ணீர் இரண்டு மூடி. இறுக்கி மூடி நன்றாகக் குலுக்கு. ஓர் ஆளுக்கு அளவாக வரும்.

பொங்கலுக்கு ரயிலில் இப்போது அறுபது நாளைக்கு முன்னால்தான் முன்பதிவு திறக்கிறான். நாகர்கோவில் எக்ஸ்பிரஸ் திறந்த அன்றைக்கே நிரம்பிவிடும், காலை எட்டு மணிக்குத் தூங்கிக்கொண்டிருக்காதே. அத்தான் வேண்டுமானால் இங்கிருந்து போட்டுவிடுகிறேன் என்கிறார். என்னைக்கு லீவு என்று மட்டும் சொல்.

பார்சலில் இட்லிப்பொடி, பருப்புப்பொடி, நார்த்தங்காய் ஊறுகாய். முந்திரிக்கொத்து இரண்டு டப்பா, அம்மா உட்கார்ந்து உருட்டியது. பெரிய டப்பா உனக்கில்லை, வீட்டுக்காரம்மாவுக்கு. பிரிக்காமல் கொண்டுபோய்க் கையில் கொடு. கொடுத்துவிட்டு வந்து சோறு பொங்கிச் சாப்பிட்டு, அந்தத் தட்டைப் போட்டோ எடுத்து அனுப்பு.

அன்புடன்,
அக்கா.