கடல் கடந்து போகும்போது போனுக்கும் ஒரு கணக்கு

வெளிநாட்டுப் பயணம் என்று முடிவாகிவிட்டால், பருப்புப்பொடியும் புளிக்காய்ச்சலும் பெட்டியில் எந்த மூலையில் வைக்க வேண்டும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால், "போனுக்கு என்ன ஏற்பாடு?" என்று கேட்டால் மட்டும், "அதெல்லாம் அவர் பார்த்துக்கொள்வார்", "பிள்ளைகள் செய்து கொடுத்துவிடுவார்கள்" என்று நகர்ந்துவிடுகிறோம். பால் கணக்கு முதல் சீட்டுக் கணக்கு வரை கையில் வைத்திருக்கும் நாம், இந்த ஒரு கணக்கை மட்டும் ஏன் பிறரிடம் விடவேண்டும்? இதில் புரியாத வித்தை எதுவும் இல்லை, சகோதரிகளே!

2025 ஆகஸ்டில், என் மூத்த பெண்ணின் முதல் பிரசவத்திற்காக ஒரு மாதம் சிங்கப்பூர் சென்று வந்தேன். தனியாக விமானம் ஏறியது அதுவே முதல் தடவை. என் மாமியாருக்கு எழுபத்தெட்டு வயது. இருபது வருடமாகச் சர்க்கரை வியாதி, தினமும் இன்சுலின் ஊசி. அவரைத் தனியே விட முடியாது என்பதால் என் கணவர் கும்பகோணத்திலேயே தங்கினார்.

"நீ போயிட்டா ராத்திரி ஒண்ணுன்னா நான் யாரைம்மா கூப்பிடுவேன்?" என்பது மாமியாரின் கவலை. அவருக்குப் பட்டன் போன்தான் பழக்கம். அதில் 2 என்ற எண்ணை அழுத்திப் பிடித்தால் என் போன் அடிக்கும். அவருக்குத் தெரிந்த வித்தை அவ்வளவே. "ஏர்போர்ட்டிலே மாப்பிள்ளையை எப்படிக் கண்டுபிடிப்பே?" என்பது என் கணவரின் கவலை. இரண்டு கவலைக்கும் என் கையிலிருந்த போன்தான் பதில் சொல்லவேண்டும்.

கடைத்தெருவில் விசாரித்தபோது, "அன்லிமிடெட் போட்டுடுங்கம்மா, எதுக்கும் யோசிக்கவே வேண்டாம்" என்றான் கடைப் பையன். யோசிக்க வேண்டாம் என்று யாராவது சொன்னால்தான் எனக்கு யோசனை அதிகமாகும்! 'அன்லிமிடெட்' என்று பெயர் இருந்தாலும், பெரும்பாலும் ஒரு நாளைக்கு இவ்வளவு என்று அளவு வைத்திருக்கிறார்கள். அதைத் தாண்டினால் வேகம் நத்தை வேகமாகிவிடும். நான் எதுவும் வாங்காமல் வீட்டுக்கு வந்து, மளிகை லிஸ்ட் போடுவதுபோல ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போட்டேன். ஒரு பக்கம் 'நம்பர் செய்யும் வேலை'. மறுபக்கம் 'டேட்டா செய்யும் வேலை'. இந்தக் கோடுதான் எல்லாக் குழப்பத்தையும் தீர்த்தது.

முதலில் நம்பர். பாங்கிலிருந்து வரும் ஓ.டி.பி. என் நம்பருக்குத்தான் வரும். காஸ் சிலிண்டர் பதிவும் என் நம்பரில். சிலிண்டர் கொண்டுவருபவர் கேட்கும் நாலு இலக்க எண்ணும் என் போனுக்கே வரும். நான் சிங்கப்பூரில் இருக்கும்போது சிலிண்டர் தீர்ந்தால், அந்த எண்ணை நான் சொன்னால்தானே கும்பகோணத்தில் அடுப்பு எரியும்? எல்லாவற்றுக்கும் மேலாக, மாமியார் அழுத்தும் அந்த 2. ஆகவே, இந்திய சிம்மைக் கழற்றிப் பர்சில் வைக்கும் பேச்சுக்கே இடமில்லை என்று தெரிந்தது.

அடுத்தது டேட்டா. நமக்கு எவ்வளவு வேண்டும் என்பதைக் கடைக்காரர் சொல்ல முடியாது. நம் போன் சொல்லும். வாட்ஸ்அப்பில் செட்டிங்ஸ் பகுதிக்குள் போனால், இதுவரை எவ்வளவு டேட்டா செலவானது என்று காட்டும் இடம் இருக்கிறது. அதை ஒரு வாரம் குறித்து வைத்தேன். எங்கள் போனில் ஒரு மணி நேர வீடியோ காலுக்கு ஏறக்குறைய 300 எம்.பி. ஆயிற்று. முகம் பார்க்காமல் வெறும் பேச்சு என்றால் 30 எம்.பி. கூட ஆகவில்லை. 1,000 எம்.பி. சேர்ந்தால் சுமார் ஒரு ஜி.பி. என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பெண் வீட்டில் வைஃபை உண்டு. வெளியே இருக்கும் நேரத்துக்குத்தான் எனக்கு டேட்டா வேண்டும். ஆஸ்பத்திரியில் நாலு நாள், தினம் ஒரு மணி நேரம் வீடியோ என்றால் 1,200 எம்.பி. மற்ற இருபத்தாறு நாளும் கடைக்குப் போக வர, வழி பார்க்க, தினம் 50 எம்.பி. என்றால் 1,300. ஆக இரண்டரை ஜி.பி. எதற்கும் இரட்டிப்பாக வைத்தாலும் 5 ஜி.பி. போதும். அன்லிமிடெட் எங்கே, ஐந்து ஜி.பி. எங்கே!

டேட்டா பெற மூன்று வழிகள் இருக்கின்றன. நம் இந்திய நம்பரிலேயே வெளிநாட்டு ரோமிங் பேக் போடுவது ஒன்று. இறங்கியவுடன் வேலை செய்யும், அலைச்சல் இல்லை. ஆனால், நாள் கூடக்கூட விலையும் ஏறும். போகும் நாட்டின் சிம்மை வாங்குவது இரண்டாவது. சாங்கி விமான நிலையத்திலேயே விற்கிறார்கள், பாஸ்போர்ட்டைக் காட்டவேண்டும். மூன்றாவது இ-சிம். அட்டை எதுவும் கிடையாது. ஊரிலிருந்தே பணம் கட்டிப் போனில் ஏற்றிக்கொள்ளலாம். உங்கள் போன் இதற்கு ஏற்றதா என்று பார்க்க *#06# என்று அழுத்துங்கள். ஐ.எம்.இ.ஐ. எண்ணோடு இ.ஐ.டி. என்று ஒரு நீளமான எண்ணும் வந்தால் ஏற்றது. என் போனில் வரவில்லை. ஆனால் இரண்டு சிம் போடும் இடம் இருந்தது.

ஆகவே நான் செய்த ஏற்பாடு இதுதான். இந்திய நம்பரில் ரோமிங் வசதியைத் திறக்கச் சொல்லி, இறங்கும் நாளுக்கு மட்டும் ஒரு நாள் பேக் போட்டேன். மறுநாள் மாப்பிள்ளை வாங்கித் தந்த சிங்கப்பூர் சிம் இரண்டாவது இடத்தில் ஏறியது. டேட்டாவுக்குச் சிங்கப்பூர் சிம், எஸ்.எம்.எஸ்.ஸுக்கு இந்திய சிம் என்று பிரித்து, இந்திய சிம்மில் டேட்டாவை அணைத்துவிட்டேன். புது சிம் போட்டதும், "வாட்ஸ்அப் நம்பரை மாற்றலாமா?" என்று போன் கேட்கும். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்; பழைய நம்பரிலேயே வாட்ஸ்அப் ஓடும்.

நாள் கணக்கையும் பார்க்கவேண்டும். ஒரு மாதம் என்று விற்கும் பேக்குகள் பல 28 நாளுக்குத்தான். நான் இருக்கப்போவதோ முப்பது நாள். இந்தியாவில் 30 நாள் திட்டம் ஒன்றாவது ஒவ்வொரு கம்பெனியும் தரவேண்டும் என்று 2022-இல் டிராய் உத்தரவிட்டது. கேட்டால்தான் கடையில் சொல்வார்கள். நான் 84 நாள் ரீசார்ஜ் செய்துவிட்டுக் கிளம்பினேன். வெளிநாட்டில் இருக்கும்போது உள்ளூர் ரீசார்ஜ் தீர்ந்துபோனால் ஓ.டி.பி.யும் நின்றுபோகலாம் அல்லவா?

மாமியாரோடும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டேன். ரோமிங்கில் பேக் இல்லாமல் அழைப்பை எடுத்தால் நிமிடத்துக்குக் காசு. எடுக்காவிட்டால் இல்லை என்று எங்கள் கம்பெனியில் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன். "அத்தை, நீங்க 2-ஐ அழுத்துங்க. நான் எடுக்கலைன்னு நினைக்காதீங்க. உடனே நானே கூப்பிடுவேன்" என்று சொல்லி, போவதற்கு முன் நாலைந்து தடவை பழக்கியும் வைத்தேன்.

பேரன் பிறந்து பத்தாம் நாள் இரவு. குழந்தை அழுததால் மடியில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தேன். மணி ஒன்றே முக்கால். கும்பகோணத்தில் பதினொன்றேகால். இந்திய நம்பர் அடித்து நின்றது. மீண்டும் அடித்தது. மாமியார்! அந்த நேரத்தில் சும்மா கூப்பிடுகிறவர் இல்லை. வாட்ஸ்அப்பில் கணவரைக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. மாடியில் தூங்கியிருக்கிறார். சிங்கப்பூர் சிம்மில் வெளிநாட்டுக்குப் பேசச் சில நிமிடங்கள் இருந்தன. 91 சேர்த்துச் சாதாரண அழைப்பாகவே போட்டேன். இரண்டாம் தடவை எடுத்தார். "என்னங்க, கீழே ஓடுங்க, அத்தை கூப்பிடறாங்க!" என்றேன்.

வீடியோவில் பார்த்தால் மாமியாருக்கு வியர்த்துக் கொட்டுகிறது, கை நடுங்குகிறது. பேச்சு மட்டும் தெளிவாக இருந்தது. சோதித்ததில் சர்க்கரை 58. இரவுச் சாப்பாட்டைச் சரியாகச் சாப்பிடாமல் ஊசி மட்டும் போட்டுக்கொண்டிருக்கிறார். "மூணு டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணியிலே கரைச்சுக் கொடுங்க. கால் மணி கழிச்சு மறுபடி பாருங்க" என்றேன். கால் மணி நேரமும் போனை வைக்கவில்லை. 84 வந்தது. பிறகு இரண்டு இட்லி சாப்பிடச் சொன்னேன். மறுநாள் டாக்டரிடம் காட்டி ஊசி அளவைச் சரிபார்த்தார்கள். (நினைவு தப்பியிருந்தால் வாயில் எதுவும் ஊற்றக்கூடாது, உடனே 108-ஐக் கூப்பிடவேண்டும். இது எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது.)

"மருமக எடுக்காட்டியும் கூப்பிடுவான்னு தெரியும்" என்று என் மாமியார் அக்கம்பக்கத்தில் சொன்னாராம். எத்தனை ஜி.பி. வாங்கியிருந்தாலும், அந்த நம்பரை அணைத்து வைத்திருந்தால் அன்றிரவு எனக்குத் தெரிந்திருக்காது. அதனால்தான் சொல்கிறேன்: எவ்வளவு டேட்டா என்று பார்ப்பதற்கு முன், யார் நம்மைக் கூப்பிடுவார்கள், எந்தப் போனிலிருந்து கூப்பிடுவார்கள் என்று பாருங்கள்.

இன்னும் சில குறிப்புகள்.

பெரியவர்கள் பழைய பட்டன் போனோடு சிங்கப்பூர் கிளம்பினால் தடுத்துவிடுங்கள். அங்கே 2017-இலேயே 2ஜி சேவையும், 2024-இல் 3ஜி சேவையும் நின்றுவிட்டன. 4ஜி போன் வேண்டும்.

தனுஷ்கோடியில் நின்றால் போன் இலங்கை சிக்னலைப் பிடித்துக்கொள்வதைச் சிலர் பார்த்திருப்பீர்கள். சிங்கப்பூரின் வடக்கே உட்லண்ட்ஸ் பக்கமும் அப்படித்தான். மலேசிய சிக்னல் வந்துவிடும். அங்கே போகும்போது நெட்வொர்க் பெயரை ஒரு பார்வை பாருங்கள்.

கப்பலிலும் விமானத்திலும் வரும் நெட்வொர்க் தனிக் கட்டணம். ஏறியதும் ஃபிளைட் மோடில் போடுங்கள். எங்கள் எதிர்வீட்டு அம்மா, வழியில் விமானம் மாறிய ஊருக்கும் தன் பேக் செல்லும் என்று நம்பி டேட்டாவைத் திறந்துவிட்டார். அந்த நாடு பட்டியலில் இல்லை. ஊர் திரும்பியதும் வந்த பில்லைப் பார்த்து இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை அவருக்கு.

ஐரோப்பா சுற்றுலா போகிறவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் ஒன்றில் வாங்கிய சிம்மை மற்ற நாடுகளிலும் கூடுதல் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று 2017 ஜூன் முதல் விதி இருக்கிறது. சுவிட்சர்லாந்து அந்த ஒன்றியத்தில் இல்லை. அதற்குத் தனியாகக் கேளுங்கள். வளைகுடா நாடுகளுக்குப் போகிறவர்கள், அங்கே வாட்ஸ்அப்பில் பேச அனுமதி உண்டா என்று அங்குள்ள உறவினரிடம் முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

கிளம்புமுன், ரோமிங்கில் படமும் வீடியோவும் தானாக இறங்காதபடி வாட்ஸ்அப்பில் நிறுத்திவிடுங்கள். போகும் ஊரின் மேப்பை வீட்டு வைஃபையிலேயே இறக்கி வைத்துக்கொண்டால் டேட்டா இல்லாமலே வழி காட்டும். மாப்பிள்ளை நம்பர், வீட்டு விலாசம் இரண்டையும் ஒரு தாளில் எழுதி பாஸ்போர்ட்டோடு வையுங்கள். போனில் சார்ஜ் தீர்ந்தாலும் தாள் தீராது.

கடையில் கேட்கவேண்டியவை ஐந்தே: எந்தெந்த நாட்டுக்கு? எத்தனை நாள், எப்போதிலிருந்து கணக்கு? ஒரு நாளைக்கு அளவு உண்டா? வரும் அழைப்புக்கும் எஸ்.எம்.எஸ்.ஸுக்கும் காசா? பேக் தீர்ந்தால் தானாக நிற்குமா, காசு ஓடுமா? இந்த ஐந்துக்கும் பதில் கிடைக்காத பேக்கை, எவ்வளவு மலிவாக இருந்தாலும் வாங்காதீர்கள். டிக்கெட் எடுத்த அன்றே தாளில் அந்தக் கோட்டைப் போட்டுவிடுங்கள், மற்றதெல்லாம் சுலபம்.