தபதிக் கரையில் ஓர் ஆந்தையைத் தேடி

"ஆந்தையைப் பார்க்கவா இவ்வளவு தூரம் போனீர்கள்?" என்று கேட்காதவர்கள் இல்லை. ராத்திரியில் ஆந்தை அலறினால் அபசகுனம் என்று ஜன்னலைச் சாத்துகிறவர்கள் அல்லவா நாம்! ஆனால் எங்கள் பெரியவனுக்குப் பதினொரு வயதிலேயே பறவைப் பைத்தியம். சூரத்தில் இருக்கும் நாத்தனார் வீட்டுக்கு ஜனவரியில் போயிருந்தபோது, "அம்மா, அந்த ஆந்தை இருக்கிற காடு இங்கிருந்து பக்கம்தான்" என்று பிடித்த பிடியை அவன் விடவில்லை.

சூரத்திலிருந்து புசாவல் போகும் ரயிலில் ஏறினோம். பார்டோலி, வ்யாரா, நவாபூர் என்று ஸ்டேஷன்கள் போகப் போக, கரும்புத் தோட்டங்கள் மறைந்து தேக்கு மரக் குன்றுகள் வருகின்றன. நந்துர்பாரில் இறங்கினால் முதலில் கண்ணுக்குத் தெரிவது மிளகாய். ஊருக்கு வெளியே மைதானம் மைதானமாகச் செக்கச் செவேலென்று காயப் போட்டிருக்கிறார்கள். பஸ் அந்தப் பக்கம் போகும்போது இவருக்குத் தும்மல் நிற்கவே இல்லை! கைக்குழந்தையோடு போகிறவர்கள் ஒரு மெல்லிய துணியைக் கையோடு வைத்திருப்பது நல்லது.

அங்கிருந்து ஷஹாதா போகும் வழியில் பிரகாஷா. தபதியும் கோமாயி நதியும் சேருகிற இடம். தக்ஷிண காசி என்று சொல்கிறார்கள். படித்துறையில் உட்கார்ந்து, கொண்டு போன புளியோதரையைச் சாப்பிட்டோம். இந்தத் தபதி நதியைக் கொஞ்சம் நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். நான் சொல்லப் போகிற பொய், இதே நதியின் கரையோரமாகத்தான் நடந்திருக்கிறது.

அந்த ஆந்தைக்குக் காட்டுச் சிற்றாந்தை என்று பெயர். நம் தோப்பிலும் பழைய கட்டிடங்களிலும் இருக்கிற புள்ளி ஆந்தையைப் போலவே சிறியது, ஒரு சாண் உயரம்தான். ஹ்யூம் என்ற வெள்ளைக்கார அதிகாரி 1873-ல் இதற்குப் பெயர் வைத்தார். பிறகு இந்தக் கான்தேஷ் பகுதியில் உத்தியோகம் பார்த்த ஜேம்ஸ் டேவிட்சன் சிலவற்றைச் சுட்டுப் பஞ்சடைத்து வைத்தார். அந்தக் காலத்து வழக்கம் அது. 1884-க்குப் பிறகு பறவையைக் காணோம். உலகத்து மியூசியங்களில் எல்லாம் சேர்த்து ஏழே ஏழு உடல்கள்தான் மிச்சம்.

அந்த ஏழில் ஒன்றின் காலில் கட்டியிருந்த சீட்டில், "மாண்ட்வி, தபதி நதி, அக்டோபர் 1914" என்ற குறிப்பு இருந்தது. எழுதியவர் ரிச்சர்ட் மைனர்ட்ஸ்ஹாகன். பட்டாளத்தில் கர்னல், பறவை விஷயத்தில் பெரும் புள்ளி. நம் சலீம் அலியோடு 1937-ல் ஆப்கானிஸ்தானத்துக்குப் போய் வந்தவர். அவர் எழுதினால் யார் சந்தேகப்படுவார்கள்? மாண்ட்வி என்பது சூரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஷஹாதாவிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல். 1914 என்ற தேதிதான் எல்லாவற்றிலும் கடைசி என்பதால், தேடுகிறவர்களுக்கு அந்தச் சீட்டே தடயமாகிவிட்டது. சலீம் அலி, ரிப்லி போன்ற பெரியவர்கள் தேடியும் பறவை அகப்படவில்லை. நடுவில் யாரோ எடுத்த புகைப்படம் ஒன்று நம்பிக்கை கொடுத்தது. பார்த்தால், அது புள்ளி ஆந்தை!

உண்மையைக் கண்டுபிடித்தவர் ஒரு பெண்மணி என்பதில் எனக்குத் தனி சந்தோஷம். அமெரிக்காவைச் சேர்ந்த பமீலா ராஸ்முசென். தெற்காசியப் பறவைகளைப் பற்றிப் புத்தகம் எழுதுவதற்காக இங்கிலாந்தில் ட்ரிங் என்ற ஊரில் உள்ள மியூசியத்தில் பறவை உடல்களைப் பார்வையிட்டவர், மைனர்ட்ஸ்ஹாகன் கொடுத்தவற்றில் ஏதோ சரியில்லை என்று கவனித்தார். நைஜல் காலர் என்ற நிபுணரும் சேர்ந்து கொண்டார். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். தையலைப் பார்த்தார்கள். பஞ்சைப் பார்த்தார்கள்.

இந்த இடத்தில் நமக்குப் புரியாதது ஒன்றுமில்லை. பழைய ரவிக்கையைப் பிரித்துத் திருப்பித் தைத்தால், எவ்வளவு நேர்த்தியாகத் தைத்தாலும் பழைய ஊசித் துளை காட்டிக் கொடுக்குமா, கொடுக்காதா? ஒவ்வொருவர் கைத் தையலும் ஒவ்வொரு மாதிரி. நம் அம்மா போட்ட காஜாவை ஆயிரத்தில் கண்டுபிடித்து விடுவோம். அதே கதைதான். அந்த ஆந்தை ஒருமுறை பஞ்சடைத்து, பிரித்து, மறுபடி அடைக்கப்பட்டிருந்தது. முதல் வேலையின் மிச்ச அடையாளங்கள் எல்லாம் டேவிட்சன் கைப்பாங்கு! அதாவது டேவிட்சன் 1880-களில் சுட்ட பறவையை மியூசியத்திலிருந்து எடுத்துப் போய், உருவத்தை மாற்றி, புதுச் சீட்டுக் கட்டியிருக்கிறார் கர்னல். 1954-ல் தன் சேகரிப்பை அதே மியூசியத்துக்குத் தானமும் செய்துவிட்டார். நம் வீட்டுச் சொம்பையே எடுத்துப் போய்ப் பாலீஷ் போட்டு நமக்கே சீராகக் கொண்டு வந்த மாதிரி! இத்தனைக்கும் ஒரு சமயம், அனுமதியில்லாமல் பறவைகளை எடுத்தார் என்று அவரைப் பறவை அறைக்குள்ளேயே விடாமல் தடுத்து வைத்திருந்தார்கள். பெரிய மனிதர் என்றால் எல்லாம் மறந்து போய்விடுகிறது, என்ன செய்வது!

மாண்ட்வி பொய் என்று தெரிந்ததும், தேட வேண்டிய இடம் மாறிவிட்டது. ராஸ்முசென், பென் கிங், டேவிட் அபோட் மூவரும் 1997 நவம்பரில் இந்தியா வந்தார்கள். கிழக்கே பழைய இடங்களில் சுற்றினார்கள், ஒன்றும் இல்லை. பிறகு டேவிட்சனின் ஊர்ப் பக்கம் வந்தார்கள். நவம்பர் 25 காலை, ஷஹாதாவுக்கு அருகே ஒரு மொட்டை மரத்தில் அது உட்கார்ந்திருந்தது. 113 வருஷங்களுக்குப் பிறகு! ராஸ்முசென் முதலில் செய்த காரியம், வீடியோ எடுத்ததுதான். சீட்டு எழுதி ஏமாற்றியவரின் வேலையைப் பிரித்துப் பார்த்தவருக்கு, தன் வாய்வார்த்தை போதாது என்று தெரியாதா?

எங்களோடு காட்டுக்கு வந்தவன் பவரா ஜாதி இளைஞன். என்னைத் "தாயீ" என்று கூப்பிட்டான். அங்கே அக்காவை அப்படிச் சொல்கிறார்கள். விடியற்காலைக் குளிரில் இரண்டு மைல் நடந்திருப்போம். ஒரு இலுப்பை மரப் பொந்தருகே பெரியவன் கையை நீட்டினான். குட்டி ஆந்தை! அவனுக்கு மூச்சே நின்றுவிட்டது. வழிகாட்டிப் பையன் ஒன்றுமே சொல்லவில்லை. தூரக்கண்ணாடியை அவன் கையில் கொடுத்துக் கேள்விகளாகக் கேட்டான். தலையில் புள்ளி உண்டா? முதுகில்? மார்பு ஒரே பழுப்பாக இருக்கிறதா, கோடு கோடாக இருக்கிறதா? கால் வெள்ளைக் காலுறை போட்ட மாதிரி தடியாகத் தெரிகிறதா? குழந்தையின் முகம் வாடிக்கொண்டே வந்தது. தலை நிறையப் புள்ளி.

"படம் காட்டுகிறவர்களிடமும் இதையேதான் கேட்பேன், தாயீ" என்றான் அந்தப் பையன். ஒருத்தர் மார்ச் மாதம் இங்கே எடுத்ததாக ஒரு படம் காட்டினாராம். ஆந்தை அசல் காட்டுச் சிற்றாந்தைதான். ஆனால் பின்னால் தேக்கு இலை பச்சைப் பசேலென்று இருந்ததாம். மார்ச்சில் இங்கே தேக்கு மொட்டையாக அல்லவா நிற்கும்! எங்கேயோ, எப்போதோ எடுத்த படம். "இதில் யாருக்கு என்ன நஷ்டம்?" என்று இவர் கேட்டார். பையனுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஆந்தை இருக்கிறது என்று எழுதுகிற காட்டைத்தானே காப்பாற்றப் பார்ப்பார்கள்? இல்லாத காட்டுக்குக் காவல் போட்டால் இருக்கிற காட்டை வெட்டிவிடுவார்களே, சாகேப்!"

அவன் கவலை நியாயமானது. ஷஹாதா, தலோதா பக்கத்துக் காடு வயலுக்கும் விறகுக்கும் கரைந்துகொண்டே வந்திருக்கிறது. ஃபரா இஷ்டியாக் என்ற நம் நாட்டுப் பெண் விஞ்ஞானி, 1998-லிருந்து காடு காடாக அலைந்து மேல்காட்டிலும் வேறு இடங்களிலும் இந்தப் பறவை இருப்பதைக் கண்டார். 2014-ல் மும்பைக்கு அருகே தான்சா சரணாலயத்தில் அகப்பட்டது. பிற்பாடு குஜராத்தின் டாங் காடுகளிலும் தெரிந்தது. குஜராத்தில் நிஜமாகவே இருக்கிறது, பாருங்கள்! அதற்காகக் கர்னலின் சீட்டு நிஜமாகிவிடாது. மொத்தத்தில் ஆயிரம்கூட இருக்காது என்பதுதான் கணக்கு.

இரண்டு நாளும் எங்களுக்குக் காட்டுச் சிற்றாந்தை தென்படவில்லை. நோட்டில் பெரியவன், "புள்ளி ஆந்தை - 3" என்று எழுதி, மரத்தின் பெயரையும் மணியையும் குறித்துக் கொண்டான். பார்க்கவே வேண்டும் என்கிறவர்கள் மேல்காட்டுப் புலிகள் காப்பகத்துக்குப் போவது உத்தமம். நவம்பர் முதல் மார்ச் வரை நல்ல காலம். அது பகலிலும் வெளியே உட்காருகிற ஆந்தை என்பதால் குழந்தைகளை ராக்கண் விழிக்க வைக்க வேண்டாம். காய்ச்சி ஆறிய தண்ணீர், ஸ்வெட்டர், கொசுவுக்குக் களிம்பு மூன்றும் அவசியம். ஷஹாதாவில் பப்பாளி மலிவு. நந்துர்பாரில் நான் இரண்டு கிலோ மிளகாய் வாங்கினேன். இந்த வருஷம் எங்கள் வீட்டுச் சாம்பார்ப் பொடி நல்ல சிவப்பு!