404-இன் பூர்வீகம்

புதுச்சேரி வட்டாரத்தில் 84 ஏரிகள் என்பது கணக்கு. ஊசுடும் பாகூரும் பெரியவை. மற்றவற்றில் பலவற்றின் பெயர் அந்தந்த ஊர்க்காரர்களுக்குத்தான் தெரியும். எல்லாவற்றையும் ஒரே வரைபடத்தில் ஏற்றி, யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இணையத்தில் வைக்கலாம் என்று கல்லூரிப் பிள்ளைகள் சிலர் கிளம்பினார்கள். நானும் கூடச் சேர்ந்துகொண்டேன். காசு கொடுத்து எந்த மென்பொருளும் வாங்குவதில்லை என்பது தொடக்கத்திலேயே எடுத்த முடிவு. பழைய கணினி ஒன்றில் டெபியன் 12 ஏற்றினோம். வரைபடங்களை வழங்க ஜியோசர்வர், அதைத் தாங்கி நிற்க டாம்கேட்.

ஜாவாவில் எழுதிய இணையச் செயலி தானாக ஓடிவிடாது. உலாவியிலிருந்து வரும் கோரிக்கையை வாங்கி, உரிய நிரலிடம் சேர்த்து, விடையைத் திருப்பி அனுப்ப அதற்கொரு சர்வர் வேண்டும். டாம்கேட் செய்வது அந்த வேலைதான். (அது முழுமையான அப்ளிகேஷன் சர்வர் ஆகாது, சர்வ்லெட் கன்டெய்னர்தான் என்று சண்டைக்கு வருகிறவர்கள் உண்டு. அவர்கள் சொல்வது சரிதான். நடைமுறையில் யாரும் அப்படிப் பிரித்துப் பேசுவதில்லை.) 8080-ஆம் போர்ட்டில் அதன் வரவேற்புப் பக்கம் அழகாக வந்தது. ஜியோசர்வரின் வார் கோப்பை வெப்ஆப்ஸ் அடைவில் போட்டோம். பக்கத்தைத் திறந்தால் 404.

"அண்ணா, எல்லாமே லேட்டஸ்ட்தானே போட்டோம்?" என்றான் ஒரு பையன்.

சிக்கலே அங்கேதான். லாகைப் புரட்டினால் ஜாவாக்ஸ்.சர்வ்லெட் என்ற தொகுப்பைக் காணவில்லை என்று புலம்பல். டெபியன் 12 தருவது டாம்கேட் 10. ஜியோசர்வரின் இரண்டாம் வரிசைப் பதிப்புகளோ டாம்கேட் 9-ஐ நம்பி எழுதப்பட்டவை. 9-ஐத் தனியாக இறக்கி ஆப்ட் அடைவில் விரித்து, உள்நுழைய முடியாத தனிப் பயனர் ஒருவரை உண்டாக்கி, அவர் பெயரில் ஓடவிட்டதும் வரைபடம் எழுந்து வந்தது. வேலை முடிந்தது. எனக்கு மட்டும் முடியவில்லை. 9-க்கும் 10-க்கும் இடையே அப்படியென்ன தலைகீழ் மாற்றம்? குறிப்புகளைப் படித்தால், பெரும்பாலும் ஒரே ஒரு மாற்றம்: ஜாவாக்ஸ் என்று இருந்த இடத்திலெல்லாம் ஜகார்த்தா. வேலை அதேதான், பெயர்தான் வேறு. நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒன்றை ஏன் பெயர் மாற்றி உடைக்க வேண்டும் என்று தேட ஆரம்பித்தேன்.

மேல் அடுக்கு எளிதில் கிடைத்தது. ஜாவாவை உருவாக்கிய சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 2010-இல் ஆரக்கிள் கைக்குப் போனது. 2017-இல் ஆரக்கிள், நிறுவனப் பயன்பாட்டுக்கான ஜாவா இ.இ.யை எக்லிப்ஸ் அறக்கட்டளையிடம் ஒப்படைப்பதாக அறிவித்தது. நிரலைக் கொடுத்தது, 'ஜாவா' என்ற வணிகப் பெயரைக் கொடுக்கவில்லை. ஜாவாக்ஸ் தொகுப்புகளை இருக்கிறபடியே பயன்படுத்தலாம், அதே பெயரில் எதையும் மாற்றவோ கூட்டவோ கூடாது என்ற நிலைக்கு 2019 மே மாதம் பேச்சுவார்த்தை வந்து நின்றது. மாற்ற முடியாத பெயரில் எத்தனை நாள் வளர்ப்பது? 2020 இறுதியில் வந்த ஜகார்த்தா இ.இ. 9 எல்லாப் பெயர்களையும் ஒரேயடியாக மாற்றியது. டாம்கேட் 10 அதைப் பின்பற்றியது. பாகூர் ஏரி எங்கள் திரையில் வராமல் போனதற்குக் காரணம் ஒரு வணிகப் பெயர் உரிமை.

ஜகார்த்தா எங்கிருந்து வந்தது என்று பார்க்கப்போய்தான் தேடல் சுவாரசியமானது. சன் நிறுவனத்தில் ஒரு கூட்ட அறைக்கு அந்தப் பெயராம். டாம்கேட்டை வெளியே கொடுப்பது பற்றிய பேச்சுகள் நடந்த அறை அது. டாம்கேட்டைப் பெற்றுக்கொண்ட அப்பாச்சி அறக்கட்டளையில் ஜாவாத் திட்டங்களுக்கு அதே பெயரை வைத்தார்கள். அந்த அப்பாச்சித் திட்டம் 2011-இல் மூடப்பட்டு, பெயர் மட்டும் சும்மா கிடந்தது. 2018-இல் வாக்கெடுப்பு நடத்தித் தூசு தட்டி எடுத்தார்கள்.

அந்தப் பேச்சுகளின் மையத்தில் இருந்தவர் ஜேம்ஸ் டங்கன் டேவிட்சன். சர்வ்லெட் என்ற முறையை 1990-களின் நடுவில் சன்னில் உருவாக்கியவர் பவனி திவான்ஜி. அந்த இந்தியப் பெயரைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். விதிமுறை என்று ஒன்று இருந்தால், அதன்படி எழுதிய மாதிரி நிரலும் வேண்டும் அல்லவா? அந்த மாதிரியை டேவிட்சன் புதிதாக எழுதினார். அதுதான் டாம்கேட். நிறுவனத்துக்குள் முடங்கிக் கிடக்க வேண்டிய அதை, அப்பாச்சிக்குக் கொடுத்துவிடலாம் என்று மேலிடத்தைச் சம்மதிக்கவைத்ததில் அவர் பங்கு பெரிது. 1999 ஜூனில் நடந்த ஜாவாஒன் மாநாட்டில் அறிவித்தார்கள். அதே ஆண்டு டாம்கேட் 3.0 வெளிவந்தது. ஓரைலி பதிப்பகத்தின் புத்தக அட்டைகளில் விலங்குப் படம் இருக்கும். தன் மென்பொருள் பற்றியும் ஒரு நாள் புத்தகம் வரும், அட்டையில் பூனை இருக்கும் என்று கணக்குப் போட்டுத்தான் ஆண்பூனைப் பெயரை வைத்தாராம். 2003-இல் புத்தகம் வந்தது. அட்டையில் பனிச்சிறுத்தை!

அப்பாச்சிப் பக்கம் ஏற்கெனவே ஜேசர்வ் என்றொரு சர்வ்லெட் எஞ்சின் இருந்தது. டாம்கேட் வந்ததும் அது ஓரங்கட்டப்பட்டது. ஆனால் சாகவில்லை. டாம்கேட்டின் அமைப்புக் கோப்பில் 8009 என்றொரு போர்ட் இருக்கும். அதில் பேசப்படும் ஏஜேபி என்ற நெறிமுறையின் விரிவு 'அப்பாச்சி ஜேசர்வ் புரோட்டோகால்'. அது என்னவென்று தெரியாமலே ஆண்டுக்கணக்கில் பலர் அதைத் திறந்தே வைத்திருந்தார்கள். சீனாவின் சைட்டின் நிறுவனத்து ஆய்வாளர்கள் கண்டறிந்து, 2020 பிப்ரவரியில் வெளியே தெரியவந்த 'கோஸ்ட்கேட்' ஓட்டை, சர்வருக்குள் இருக்கும் கோப்புகளை வெளியாள் அந்த வழியாகப் படிக்கலாம் என்று காட்டியது. 9.0.31-ஆம் பதிப்பிலிருந்துதான் அந்தப் போர்ட் மூடியே வருகிறது. பழைய பதிப்பை வைத்திருப்பவர்கள் இன்றே 8009-ஐப் பார்த்துவிடுவது நல்லது.

8080-க்கும் ஒரு கதை உண்டு, சிறியதுதான். யூனிக்ஸில் 1024-க்குக் கீழே உள்ள போர்ட்டுகளை ரூட் மட்டுமே திறக்கலாம் என்பது பெர்க்லி காலத்து ஏற்பாடு. இணையத்துக்கு ஒதுக்கப்பட்ட 80 அதற்குள் அடங்கிவிடுகிறது. ரூட் உரிமை இல்லாத சாதாரணப் பயனருக்கு 80-ஐ இரண்டு முறை எழுதிய எண் வசதியாகப் போயிற்று.

புதுச்சேரிக்காரன் என்பதால் ஒரு சபலம்: பிரெஞ்சுக்காரர்களே செய்த சர்வர் ஒன்று இருந்ததே? புல் நிறுவனத்தின் ஜோனாஸ். புல், பிரான்ஸ் டெலிகாம், இன்ரியா மூன்றும் 2002-இல் அமைத்த ஆப்ஜெக்ட்வெப் கூட்டமைப்பில் வளர்ந்தது. ரெட் ஹேட் 2004-இல் அதை எடுத்துத் தன் பெயரில் விற்றது. 2006-இல் 35 கோடி டாலர் கொடுத்து ஜேபாஸை வாங்கியதும் ஜோனாஸைக் கைவிட்டது. ஜேபாஸைத் தொடங்கிய மார்க் ஃப்ளூரியும் பிரெஞ்சுக்காரரே. இங்கும் அதே வணிகப் பெயர் வழக்கு: 1999-இல் அது ஈஜேபாஸ். ஈஜேபி எங்கள் பெயர் என்று சன் முறைத்ததால் முதல் எழுத்து உதிர்ந்தது.

ஜியோசர்வர் இந்த ஊருக்கு வந்த தடமோ வேறு, அது வரைபடத் தாளில் தொடங்குகிறது. செயின்ட் லூயி வீதியில் 1955 முதல் இயங்கும் பிரெஞ்சு நிறுவனத்தைச் சமஸ்கிருத, தமிழ்ச் சுவடிகளுக்காகத்தான் பலருக்குத் தெரியும். அங்கே தாவரவியலாளர்களும் உண்டு. இந்தியாவின் தாவர வளத்தைப் பத்து லட்சத்துக்கு ஒன்று என்ற அளவில் அவர்கள் வரைந்த வரிசையில் கன்னியாகுமரித் தாள் 1961-இல் வந்தது. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளை ஜே. பி. பாஸ்கல் இன்னும் நுணுக்கமாக வரைந்தார். 2008-இல் இந்தியப் பல்லுயிர்த் தளம் தொடங்கப்பட்டபோது பங்காளி நிறுவனங்களில் இதுவும் ஒன்று. வரைபட அடுக்குகளை வழங்க அந்தத் தளத்தில் பயன்பட்டது ஜியோசர்வர். தளத்தின் நிரல் முழுவதையும் திறந்து வைத்தார்கள். உள்ளடக்கத்துக்கு கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம். அதே நிரலைக் கொண்டு இந்தியப் பெருங்கடலின் மேற்குத் தீவுகளில் களைச்செடிகளை அடையாளம் காணும் விக்வியோ தளத்தை பிரான்சின் சிராட் நிறுவனத்தோடு சேர்ந்து அமைத்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டக் கூலிகளாக நம்மவர்களைப் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பலேற்றிக் கொண்டுபோன கடல் அது.

ஜியோசர்வரின் தொடக்கமும் ஊர்க்காரியம்தான். நகரத் திட்டமிடலில் பொதுமக்களும் கலந்துகொள்ள வேண்டும் என்பதற்காக 2001-இல் நியூயார்க்கில் எழுத ஆரம்பித்தார்கள். பணம் போட்டவர் மார்க் கோர்ட்டன், பாட்டுக் கோப்புகளைப் பகிர உதவிய லைம்வயரை நடத்தியவர். ஆக, ஓர் ஏரி திரையில் தெரிவதற்குப் பின்னால் இத்தனை பேர் கொடுத்திருக்கிறார்கள். எங்கே எதைக் கொடுக்காமல் கையில் வைத்துக்கொண்டார்களோ, அங்கேதான் 404 வந்தது.

எங்கள் சர்வர் இப்போது நன்றாக ஓடுகிறது. ஏரிகளின் எல்லைகள்தான் இன்னும் கைக்கு வரவில்லை. 1999-இல் தொடங்கிய ஏரிச் சீரமைப்புத் திட்டத்தில் அளந்தவை, பொதுப்பணித் துறைப் பதிவேடுகள், பிரெஞ்சுக் காலத்து நில வரைபடங்கள் எல்லாமே பொதுமக்கள் பணத்தில் உருவானவை. அரசுத் தரவுகளைப் பகிர்வதற்கான தேசியக் கொள்கை 2012-இலேயே வந்துவிட்டது; அதற்கென்று ஓர் உரிமமும் 2017 முதல் இருக்கிறது. அந்த உரிமத்தை இந்தத் தாள்களின் மேல் ஒட்டித்தர வேண்டியது மட்டும்தான் பாக்கி. துறைகளுக்கு மனு போடுகிறோம். அதுவரை, உங்கள் ஊர் ஏரியின் பழைய வரைபடமோ பாசனச் சங்கக் கணக்கோ வீட்டில் இருந்தால் படமெடுத்துக் கொடுங்கள். கூடவே, யார் வேண்டுமானாலும் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்திட்டும் கொடுங்கள்.